கம்பளி கசங்காது

மாமியாரின் கைகால்களைத் துடைத்துவிட்டு ஈரத்துணியைப் பிழிய எழுந்தபோது, முன்னறையில் ஏதோ கீச்சிட்டது மருமகளின் காதில் விழுந்தது. இஸ்திரி மேசைக்கு அடியில், துணிக்கூடைக்குள், தெருப்பூனை குட்டி போட்டிருந்தது. மூன்று முண்டியடித்துப் பால் குடித்தன. தாய் ஒதுக்கித் தள்ளிய நான்காவது, சிமெண்டுத் தரையில் நனைந்த பஞ்சாகக் கிடந்தது.

"சாவு வீட்ல இது வேறயா," என்றாள் நாத்தனார். "தூக்கி வெளிய போடுங்க அண்ணி. வண்டிக்காரன் வந்துடுவான்."

"உசிரு இருக்கு."

"இருந்து? பாக்கறதுக்கு யாரு இருக்கா இங்க? நீங்களும் கெளம்பறேன்னுட்டீங்க."

உண்மைதான். பையைக் கட்டிக் கதவோரம் வைத்தாயிற்று. கணவன் இறந்துபோன பிறகு, ஒரே கூரையின் கீழ் இரண்டு பெண்கள் சாப்பிட்டுத் தூங்கினார்கள், அவ்வளவுதான். "தண்ணி வந்துடுச்சு", "கதவைச் சாத்து" என்பதற்கு மேல் பேச்சு வளர்ந்ததில்லை. தெருவுக்கே இஸ்திரியம்மாவான கிழவிக்கு வாயிலும் பெட்டிச் சூடுதான்.

ரொட்டிக் கடை வேலைக்கு மருமகள் விடியுமுன்னே கிளம்ப வேண்டும். தினமும் நாற்காலியில் அவளுடைய ஸ்வெட்டர் இஸ்திரி போட்டு வைக்கப்பட்டிருக்கும். ஏன் என்று ஒரு தடவை கேட்டாள்.

"இஸ்திரிக்காரி வீட்டு மருமக கசங்கிப் போய் நின்னா, என் கடைக்குத்தான் கேவலம்."

அந்தச் சொல் முள்ளாகத் தைத்துக்கொண்டது. "என்னை இஸ்திரி போட முடியலைல்ல, அதான் என் ஸ்வெட்டரைப் போடுது எங்க மாமியா," என்று கடையில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பாள். இன்று காலை ஸ்வெட்டர் கொடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் உள்ளறைக்கு ஓடினாள்.

குட்டியை மார்போடு அணைத்தாள். பிணத்தைத் துடைத்த கைகள் சில்லிட்டிருந்தன. குட்டி இன்னும் துவண்டது. பையைத் திறந்து, மேலாக இருந்த ஸ்வெட்டரை உருவினாள். மேசையில் விரித்து, பெட்டியைச் சூடேற்றித் தேய்த்தாள்.

"என்ன அண்ணி பண்றீங்க? கம்பளியை எவளாவது இஸ்திரி போடுவாளா? அது எங்க கசங்கப் போவுது?"

கை நின்றது.

சூடு அளவாக இருக்கிறதா என்று ஸ்வெட்டரைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். விடியாத தெருவில் இறங்கும்போது கழுத்தைச் சுற்றிக்கொள்ளும் அதே சூடு. அதைக் கன்னத்திலிருந்து எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

குட்டியை அதில் சுற்றினாள். ஆறியதும் மறுபடி தேய்த்துச் சுற்றினாள். சின்ன வாய் திறந்து அவள் விரலைத் தேடியது. தாயின் வயிற்றோரம் விட்டாள். பூனை முகர்ந்தது, இந்தத் தடவை தள்ளவில்லை.

வெளியே ஹாரன் கேட்டது. நாத்தனார் கிழவிக்குப் போர்த்தப் போர்வையை எடுத்து வந்தாள்.

"இப்படிக் குடு."

"எதுக்கு? நல்லாத்தான இருக்கு. யாரு சுருக்கம் பாக்கப் போறா?"

போர்வையை வாங்கி மேசையில் விரித்தாள். ஓரம் ஓரமாகத் தேய்த்து, கன்னத்தில் வைத்துப் பார்த்து, இரு கையிலும் ஏந்தி உள்ளறைக்கு விறுவிறுவென்று நடந்தாள். கழுத்துவரை போர்த்தினாள். பாதங்களுக்கு அடியில் செருகினாள்.

"தூக்கலாமாம்மா?" வண்டிக்காரர் வாசலிலிருந்து கேட்டார்.

"கொஞ்சம் இருங்க."

போர்வை ஆறும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.