பலகையடியில் சொன்ன பெயர்

ரசலையன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பூதப்பாண்டிப் பக்கத்து வயல்களில் நெல் வாங்கிக் கோட்டாற்றுச் சந்தையில் விற்கிறவர் அவர். கோட்டாற்று வியாபாரிகள் அவர் மூட்டையை மட்டும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை. மேலப்பெருங்குளத்துச் சபையில் போதகருக்கு உதவும் டீக்கன். ஞாயிறு ஆராதனையில் மகாராணிக்காகவும் அரசாங்கத்துக்காகவும் ஜெபிப்பது அவர் பொறுப்பு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தன் வீட்டாருக்காகக் கேட்பதுபோலக் கேட்பார். ஆளுகிறவர்களைத் தேவன்தான் அந்த இடத்தில் வைத்திருக்கிறார், அவர்கள் தவறினால் அவரே கேட்டுக்கொள்வார் என்பது அவருடைய உறுதி.

யுத்தம் முடிந்த வருஷம் விஷக்காய்ச்சல் வந்து வீட்டுக்கு வீடு ஆள் சாய்ந்தபோது, சபை வாலிபர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு நோயாளிகளைக் கயிற்றுக்கட்டிலில் வைத்துக் கோட்டாற்று ஆஸ்பத்திரிக்குச் சுமக்க ஆரம்பித்தார். காய்ச்சல் போன பிறகும் அந்த வேலை நிற்கவில்லை. பிரசவம், பாம்புக்கடி, பனையிலிருந்து விழுந்தவன் என்று எட்டு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார். இந்தச் சாதி, அந்த மதம் என்று பார்த்ததில்லை. நன்மை செய்வதானால் கையால் செய்ய வேண்டும், கூட்டம் கூடிக் கத்திச் செய்யக் கூடாது என்பார்.

அவருடைய தம்பி சுயம்பு கிறிஸ்தவ வேதத்துக்கு வரவில்லை. அண்ணன் இருபது வயதில் ஞானஸ்நானம் எடுத்து, ஒரு துரையின் நினைவாக வைத்த புதுப் பெயரோடு வந்து நின்றபோது அம்மா மூன்று நாள் அழுதாள். அவளுக்காகத் தம்பி பழைய சாமிகளோடு இருந்துவிட்டான். அம்மா போன பிறகும் மாறவில்லை. ஒரே தோப்பில் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. மதத்தால் சண்டை எதுவும் வந்ததில்லை. அதற்கு முக்கியக் காரணம் சுயம்புவின் மனைவி செல்லத்தாய். சாமிக்குப் படைத்ததை அத்தான் தொடமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கொழுக்கட்டை அவித்தால் படைப்பதற்கு முன்பே ஒரு பங்கை எடுத்து மூடி, கிணற்றைச் சுற்றிக் கொண்டுவந்து நேசபாயிடம் கொடுப்பாள். "இது சாமி பாக்காததாக்கும் அக்கா. அத்தான் பயப்படாம திங்கலாம்" என்று சிரிப்பாள். நேசபாய் ரசலையனின் மனைவி. இருவரும் கூடப்பிறந்தவர்களைப் போலத்தான் இருந்தார்கள்.

வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்து முடிந்த மறுவருஷம், மேலப்பெருங்குளத்திலும் அது தொடங்கியது. ஊரிலிருந்து கோட்டாற்றுக்குப் போகும் நேர்ப்பாதை கோயிலின் மேலவீதி வழியாகப் போகிறது. அந்த வீதியின் முனையில் ஒரு தீண்டல் பலகை நட்டிருந்தது. சுயம்புவின் சாதியார் அதற்கு அப்பால் கால் வைக்கக் கூடாது. அதே சாதியில் பிறந்து வேதத்தில் சேர்ந்தவர்கள் போகலாம், துலுக்கர்கள் போகலாம். ரசலையனின் நெல்வண்டி இருபது வருஷமாக அந்த வழியாகத்தான் போய்வந்தது. சுயம்பு குளத்துக்கரையைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் அதிகமாக நடப்பான்.

தொண்டர்கள் காலையில் கதர் உடுத்திப் பாடிக்கொண்டு பலகை வரை போவார்கள். போலீஸ் தடுக்கும். தடுத்த இடத்தில் வெயிலில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் சுயம்புவும் கதர் வேட்டியோடு வந்து நின்றான்.

"நெல்லு அறுக்கக் கெடக்கு. நீ போயி ரோட்டுல இருக்கப் போறியா?" என்றார் ரசலையன்.

"நீயும் வா அண்ணேன்."

"காந்தியே எழுதியிருக்காருலே, வேதக்காரன் இதுல கலக்காண்டாம்னு."

"கலக்காண்டாம்னுதான் சொன்னாரு. எங்கள வழியில பாத்தா தலையத் திருப்பிட்டுப் போவச் சொன்னாரா?"

ரசலையனுக்குச் சுருக்கென்றது. "எதுக்கு இந்தப் பாடு? ஞானஸ்நானம் எடுத்தா நாளைக்கே நீ அந்த வழியில போலாமே."

"ஒரு வீதியில நடக்கதுக்காட்டு அம்ம கும்பிட்ட சாமிய விடணுமா? அப்பிடி வாறவன் உனக்க சபைக்குத்தான் என்னத்துக்கு?"

வயிற்றுக்காகவும் வழக்குக்காகவும் வேதத்துக்கு வருகிறவர்களைப் பற்றி ரசலையனும் இதையேதான் சபைக் கூட்டத்தில் பேசியிருந்தார்.

அதன் பிறகு அவருடைய வண்டி மேலவீதியில் திரும்பும்போது, பலகையடியில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் தம்பி இருப்பான். வண்டிக்காரன் மாட்டை விரட்டுவான். ரசலையன் சட்டத்தை மீறாமல் போகிறோம் என்று தமக்குள் சொல்லிக்கொள்வார். ஆனாலும் அந்த இடம் தாண்டும்வரை நிமிர்ந்து உட்கார முடிந்ததில்லை.

பங்குனியில் குளம் வற்றியது. சேற்றுத் தண்ணீரைக் குடித்த தெருக்களில் வாந்திபேதி புகுந்தது. ரசலையனும் ஜான்ரோஸும் டைட்டஸும் இன்னொருவரும் ஒரு நாளைக்கு இரண்டு முறைகூடக் கட்டிலைத் தூக்கினார்கள். ஜான்ரோஸ் சபையின் மணியடிக்கிறவன், ரசலையனுக்கு வலது கை மாதிரி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை நேசபாய் கிணற்றடியிலிருந்து ஓடி வந்தாள்.

"செல்லத்துக்கு விடியம் முன்ன இருந்தே போவுதாம். யாருக்கும் சொல்லாமக் கெடந்திருக்கா. கண்ணு உள்ள போச்சு. சீக்கிரம் வாருங்கோ."

சுயம்பு விடிவதற்கு முன்பே பலகையடிக்குப் போயிருந்தான். கட்டிலில் தூக்கி வைத்தபோது செல்லத்தாய் கனமே இல்லாமல் இருந்தாள். கை விரல்கள் தண்ணீரில் ஊறியவைபோலச் சுருங்கியிருந்தன. வழியெல்லாம் தண்ணீர் கேட்டாள்.

குளத்துக்கரையும் மேலவீதியும் பிரியும் இடத்தில் ஜான்ரோஸ் நின்றான்.

"கரைவழிதான போவணும், டீக்கனாரே?"

எட்டு வருஷமாக வேதத்தில் சேராதவர்களைக் கரைவழியாகத்தான் சுமந்திருக்கிறார்கள். அதை யாரும் கேள்வி கேட்டதில்லை. அதுதான் வழி என்று ரசலையனும் நினைத்திருந்தார். அன்று அவர் தோளை மாற்றிக்கொண்டு, "நேரே போங்கடே" என்றார். சாகக் கிடக்கிறவளைத் தடுக்க மாட்டார்கள் என்று அப்போது அவர் உண்மையாகவே நம்பினார்.

பலகையடியில் கயிறு கட்டியிருந்தது. தொண்டர்கள் இருபது பேர் மண்ணில் உட்கார்ந்திருந்தார்கள். போலீஸ் ஏட்டு கட்டிலருகே வந்து எட்டிப் பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. ரசலையனுக்குப் பல வருஷப் பழக்கம்.

"ஆரு ஓய் கெடக்கது? வேதக்காரியா?"

ரசலையன் தொண்டர் கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் சுயம்பு பாதி எழுந்து நின்றுவிட்டான். கட்டிலில் கிடந்த சேலையை அவன் அடையாளம் கண்டுவிட்டான்.

"ஆமா. எங்க சபைக்காரி" என்றார் ரசலையன்.

"பேரு?"

"தேவகனி."

ஏட்டு கயிற்றை அவிழ்த்தார். சுயம்பு வாயைத் திறந்தான். ஒரு சொல் வந்தால் போதும், கட்டில் திரும்ப வேண்டியதுதான். அவன் சொல்லவில்லை. மெதுவாக மண்ணில் உட்கார்ந்து முகத்தை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நரம்பில் உப்புத்தண்ணீர் ஏற்றினார்கள். சாயங்காலம் கண் விழித்தாள். நேசபாய் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரசலையன் கால்மாட்டில் நின்றார். செல்லத்தாய் அவரைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"அத்தான், எனக்க பேரு தேவகனியா?"

அவளுக்குக் கேட்டிருக்கிறது. ரசலையன் அவள் பக்கம் குனிந்தார். "உன்ன இஞ்ச கொண்டு சேக்கணுமே மக்கா. வேற வழி தெரியல்ல."

"அவிய அங்கன இருந்தாவளா?"

"தம்பியா? இருந்தான்."

"அவிய முன்னால சொல்லிட்டிய." அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பாவம் அவிய" என்றாள். மறுநாள் மத்தியானம் இறந்துபோனாள்.

சுயம்புவின் மனைவி வேதக்காரியாக மேலவீதியில் போன செய்தி அவள் உடலுக்கு முன்பே ஊருக்குப் போய்விட்டது. கோயில் தரப்பில் சிலர் பலகையடியில் நின்று, "பெண்டாட்டி வேதக்காரின்னா வழி கெடைக்குது. நீங்களும் வேதத்துல சேந்து பேர மாத்திட்டு வாங்கடே, என்னத்துக்கு வெயில்ல இருக்கிய?" என்று சிரித்தார்கள். தொண்டர் முகாமில் சுயம்புவிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. ஆனால் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்கிறவர்கள் குறைந்தார்கள். சபையிலோ, செல்லத்தாய் கடைசி நேரத்தில் மனந்திரும்பிவிட்டாள் என்று பேச்சு. கல்லறைத் தோட்டத்தில் இடம் தரலாம் என்று போதகரே ஆள் அனுப்பினார்.

ரசலையன் தம்பி வீட்டுக்குப் போனார். வாசலில் செல்லத்தாயைக் கிடத்தியிருந்தார்கள்.

"எங்க வைக்கணும்னு நீயே சொல்லு அண்ணேன்" என்றான் சுயம்பு. "நீதான பேரு வச்ச."

"அவ உனக்க பெண்டாட்டி. எனக்க சபைக்காரி இல்ல. நான் சொன்னது கள்ளம்."

"கள்ளம்னு எனக்குத் தெரியும். அங்க நின்ன எனக்கு எப்பிடி இருந்துன்னு உனக்குத் தெரியுமா? சொல்லட்டு, சொல்லட்டு, அவ பொழச்சாப் போதும்னு கெடந்தேன். ரெண்டு மாசம் அங்க இருந்தது எல்லாம் ஒரு நிமிஷத்துல போச்சு. அவளும் போனா."

பாடையைத் தூக்கும் நேரத்தில் ரசலையன் வழக்கம்போல முன்கொம்பைப் பிடிக்கப் போனார். சுயம்பு அவர் கையை மெதுவாக எடுத்துவிட்டான். "நீ தூக்காண்டாம்" என்றான். அந்நியர் எத்தனையோ பேரைச் சுமந்த தோள் வெறுமனே பின்னால் நடந்தது. பாடை குளத்துக்கரை வழியாகச் சுடுகாட்டுக்குப் போனது.

அதன் பிறகு ரசலையனுக்கு ஜெபம் வரவில்லை. முழங்காலில் நின்றால் ஏட்டின் முகம்தான் தெரிந்தது. ஒரு உயிருக்காகச் சொன்ன பொய்யைத் தேவன் மன்னிப்பார் என்று நேசபாய் சொன்னாள். அவரும் அதை நம்பினார். ஆனால் அவரை உறுத்தியது பொய் மட்டுமில்லை. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு கயிறு இருந்தது. அந்தக் கயிறு தமக்காக ஆயிரம் முறை அவிழ்ந்தபோது, அதைத் தேவன் கொடுத்த ஆசீர்வாதம் என்று அவர் எண்ணியிருந்தார். சேவை செய்கிறோம் என்று எட்டு வருஷமாகச் செல்லத்தாயைப் போன்றவர்களைக் கரைவழியே சுற்றிச் சுமந்திருந்தார். கட்டிலைத் தூக்கியது சரி. ஏன் சுற்றுகிறோம் என்று ஒருநாள்கூட யோசிக்காதது எப்படிச் சரியாகும்? அதே சமயம், ஆளுகிறவர்களை எதிர்த்து உட்காரவும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் வேதம் தமக்கு என்ன சொல்கிறது என்று எவ்வளவு தேடியும் அவருக்குப் பிடிபடவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. அவர் பலகையடிக்குப் போனார்.

"ஏட்டய்யா, அன்னைக்கு நான் கொண்டுபோனது எங்க சபைக்காரி இல்ல. எனக்க தம்பி பெண்டாட்டி செல்லத்தாய். நான் உம்மிட்ட கள்ளம் சொன்னேன். சட்டப்படி என்ன உண்டோ அதச் செய்யும்."

ஏட்டு சுற்றுமுற்றும் பார்த்தார். "ஓய், இப்ப வந்து சொன்னா நான் என்ன செய்ய? செத்தவள எப்படித் திருப்பி அனுப்ப? வீட்டுக்குப் போவும்."

அதற்குள் தொண்டர்களுக்குக் கேட்டுவிட்டது. யாரோ ஒருவன் 'ஜே' போட்டான். கூட்டம் எழுந்து நின்று கோஷமிட்டது. ஒருவன் ஓடி வந்து ரசலையன் கழுத்தில் கதர்மாலை போட்டான். டீக்கனே வந்துவிட்டார் என்று கத்தினார்கள். அவர் கையை ஆட்டி ஆட்டி, "இல்ல, அதுக்கு வரல்ல, கேளுங்கடே" என்றார். யாரும் கேட்கவில்லை. அந்தச் சத்தத்தில் எழாமல் உட்கார்ந்திருந்த ஒருவன் சுயம்புதான். அவன் அண்ணனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ரசலையன் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

கோயில்காரர்கள் தீட்டுக் கழிய வீதி முழுவதும் புண்ணியாகத் தண்ணீர் தெளித்தார்கள். சபைக் கமிட்டி கூடியது. பொய் சொன்னதைக்கூடப் பொறுக்கலாம், சபையின் பெயரை அரசியலில் இழுத்ததைப் பொறுக்க முடியாது என்றார்கள். ரசலையன் வாதாடவில்லை. டீக்கன் பொறுப்பிலிருந்து அவரை எடுத்துவிட்டார்கள். கட்டில் தூக்கும் சங்கம் ஜான்ரோஸின் கைக்குப் போய் ஒரு வருஷத்துக்குள் கலைந்தது. சத்தியாக்கிரகமும் மழைக்காலத்தில் பலன் இல்லாமல் நின்றது. சுயம்பு தன் வீட்டைப் பூட்டிவிட்டுத் தோவாளையில் பூந்தோட்ட வேலைக்குப் போனான். அண்ணனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

ரசலையன் அதன் பிறகு கோட்டாறு போகக் குளத்துக்கரை வழியைத்தான் பிடித்தார். வண்டிக்காரன் முனகினான். அவர் யாருக்கும் காரணம் சொல்லவில்லை.

பத்து வருஷம் கழித்து, முப்பத்தாறாம் வருஷம் ஐப்பசிக் கடைசியில் மகாராஜாவின் கோயில் பிரவேச விளம்பரம் வந்தது. கோயில்கள் எல்லாருக்கும் திறந்தன. மேலவீதியில் பலகையைப் பிடுங்கிப் போட்டார்கள். ரசலையனுக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. சபையில் சில குடும்பங்கள் பழைய சாமிகளிடம் திரும்பிப் போயின. அதற்காக வருந்தினார். மகாராஜாவுக்காக ஜெபித்தார். இரண்டையும் ஒரே மூச்சில் செய்தார்.

விளம்பரம் வந்த மறுவாரம் சுயம்பு அவர் வீட்டு வாசலில் வந்து நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. நெற்றியில் திருநீறு. நேசபாய் பெஞ்சைத் துடைத்துப் போட்டாள். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ரசலையன் தம்பியின் நெற்றித் திருநீற்றைப் பார்த்தார்.

"உள்ள போனியா?" என்று கேட்டார்.

"போனேன் அண்ணேன். இருட்டாட்டு இருந்து. கண்ணு பழகதுக்கு நேரமாச்சு."

"என்ன கேட்ட?"

"ஒண்ணும் கேக்கத் தோணல்ல. வரிசையில எனக்க பொறத்த ஒருத்தி நின்னா. அவளுக்கு வழி விட்டுட்டு வந்துட்டேன்."

நேசபாய் உள்ளே போய் அழுதாள். சுயம்பு கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்தான். வெயில் ஏறும் முன் தோவாளை போய்ச் சேர வேண்டும் என்றான். ரசலையன் வாசல்வரை வந்தார். மன்னிப்புக் கேட்க நினைத்தார். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது என்று தோன்றியது.

"இடைக்கிடை வா, மக்கா" என்றார்.

"பாப்போம்" என்று சொல்லிவிட்டுச் சுயம்பு படியிறங்கி நடந்தான்.

அடுத்த மாசியில் தோவாளையில் சுயம்பு காய்ச்சலில் இறந்துவிட்டான் என்று ஓர் ஆள் வந்து சொன்னான். ரசலையன் போய்ச் சேர்ந்தபோது பாடையை எடுத்திருந்தார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய்க் கொம்பைப் பிடித்தார். இந்த முறை தடுக்க யாரும் இல்லை. வயதானவர் என்று ஒரு வாலிபன் மாற்றிக்கொள்ள வந்தான். அவர் கொடுக்கவில்லை.