தெற்குப் பிரிவின் ஊசி

1

லுவ்சானுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி. ஆட்டைப் புரட்டிப்போட்டுத் தொடையில் அடக்கும்போது விழும் பிடிப்பு மாதிரிதான் முதலில் இருந்தது. கோடை முழுக்கப் பிடிப்பென்றே நினைத்து உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தான். பனி விழுந்தபோது தோளும் தொடையும் வற்றிப்போயிருந்தன. வயிறு மட்டும் உப்பியிருந்தது.

இந்தக் கதை இந்த வலியிலிருந்து பிறந்ததாகச் சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் சுவரில் ஒட்டிய இரண்டு தாள்களிலிருந்து பிறந்தது. ஈரல் புற்றுநோய் எந்த நாட்டில் எவ்வளவு பேருக்கு வருகிறது என்று நிறம் தீட்டிய உலகப் படம் ஒன்று, எவ்வளவு பேர் சாகிறார்கள் என்று இன்னொன்று. இரண்டிலும் எங்கள் மங்கோலியாதான் கருஞ்சிவப்பு. இரண்டையும் இடம் மாற்றி ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. வந்தவர்களும் செத்தவர்களும் கிட்டத்தட்ட அதே ஆட்கள்.

படத்தில் நாடு முழுக்க ஒரே சிவப்பு. கிட்டப்போய்ப் பார்த்தால் அப்படி இல்லை. அதைச் சொல்ல ஒருத்தியைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

2

தோல்கோர் தெரிந்தேதான்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. தெரிந்தே என்று எழுதக் கை துணிந்தது, அதற்கு மேல் துணியவில்லை.)

தோல்கோர் நல்லவள். நல்லவள் என்பதால்தான்

(இதுவும் வேண்டாம்.)

2, மறுபடியும்

தோல்கோருக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. கூட்டுப்பண்ணைக் காலத்தில் தெற்குப் பிரிவுக்கு அவள்தான் நர்ஸ். ஒரு குதிரை, ஒரு அலுமினியப் பெட்டி, பெட்டிக்குள் ஒரு கண்ணாடி சிரிஞ்சு, இரண்டு ஊசி. அதில் ஒன்று அடைத்துக்கொண்டது. மிச்சமிருந்த ஒன்றால் பதினோரு வருடம் எங்கள் பிரிவையே காப்பாற்றினாள். சாணி நெருப்பில் தண்ணீர் கொதிக்க ஒரு மணி நேரம் ஆகும். நாற்பது பேர் சட்டையை ஏற்றிவிட்டு நிற்பார்கள். முதல் ஆளுக்கு முன்னும் கடைசி ஆளுக்குப் பின்னும் வேகவைப்பாள். நடுவில் சாராயப் பஞ்சால் ஒரு துடைப்பு.

மாத்திரையை நாங்கள் மருந்தாக மதித்ததில்லை. குத்த வேண்டும், வலிக்க வேண்டும், அதுதான் மருந்து. குத்தாமல் போனால் கோபித்துக்கொள்வோம். வைட்டமின் ஊசிக்காக ஆட்டுத்தொடையைத் தூக்கிக்கொண்டு அவள் கூடாரத்துக்குப் போனவர்கள் உண்டு.

மலைக்கு அந்தப் பக்கம் வடக்குப் பிரிவு. அங்கே வருவதாகச் சொன்ன நர்ஸ் கடைசிவரை வரவில்லை. பிரசவத்தில் மூன்று பெண்கள் அங்கே செத்தார்கள். "பாவம், நாதியத்த சனம்" என்று நாங்கள் அவர்களுக்காக இரக்கப்பட்டோம்.

3

போன இலையுதிர்காலத்தில் ரத்தப் பரிசோதனை வண்டி ஊருக்கு வந்தது. லுவ்சான் போகவில்லை. "ரத்தம் குடுக்க நான் என்ன ஆடா?" என்றான். தோல்கோர் போனாள், சும்மா ஒத்தாசைக்கு. சாயங்காலம் வண்டியோடு வந்த சின்ன டாக்டரம்மா கணக்குப் போட்ட தாளை அவளிடம் நீட்டியதைப் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்தேன்.

"தெற்குப் பிரிவு ஆளுங்க நாப்பத்தி மூணு பேர் வந்தாங்கக்கா. முப்பத்தியொரு பேருக்கு ஈரல்ல சி வைரஸ். வடக்குப் பிரிவு அம்பது பேர். அதுல நாலே நாலு. ஒரே தண்ணி, ஒரே கறி, ஒரே சாராயம். எனக்கு ஒண்ணும் பிடிபடல."

"வடக்குல நர்ஸ் கிடையாது" என்றாள் தோல்கோர்.

"அப்ப அங்கதானே நோய் கூடுதலா இருக்கணும்?"

டாக்டரம்மா தாளை மறுபடி பார்த்தாள். பிறகு பேனாவை மூடினாள். தோல்கோர் தாளைக் கேட்டு வாங்கி நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

(கதாபாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்த இடம் இது. அழுதிருக்க வேண்டாமா? அழவைத்து ஒரு பத்தி எழுதினேன். அவள் அழவில்லை. பத்தியை எடுத்துவிட்டேன்.)

5

நான்காம் பகுதி இப்போது வேண்டாம். பிறகு பார்க்கலாம்.

தோல்கோர் தினமும் காலையில் லுவ்சானுக்கு வலி ஊசி போட வருகிறாள். வேறு யார் வந்தாலும் அவன் கையை நீட்டுவதில்லை. புது ஊசியின் பாக்கெட்டை அவன் கண்ணெதிரிலேயே கிழிக்கிறாள்.

"தினம் ஒண்ணு புதுசா?" என்றான் லுவ்சான். "வசதிதான் நர்சக்கா. அப்பல்லாம் ஒரே ஊசியில எல்லாரையும் குத்தி முடிப்பீங்க. கடைசியில நிக்கிறவனுக்கு ஆணி அடிக்கிற மாதிரி இருக்கும்."

"சும்மா கிட."

"கிடக்கத்தானே செய்றேன். எந்திரிச்சு மல்லுக்கா போறேன்?"

அவன் மனைவி நோர்ஜின் அடுப்பில் பால் தேநீரைக் கரண்டியால் தூக்கித் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். "மல்லுக்கட்டினது பூராம் பாட்டிலோடதான். அது ஜெயிச்சிருச்சு" என்றாள்.

"பாத்தீங்களா அக்கா? சாகப்போறவன்னு ஒரு மரியாதை உண்டா?"

"சாகப்போறவருக்கு மரியாதை உண்டு. குடிச்சுச் சாகப்போறவருக்கு டீதான்."

மாகாண ஆஸ்பத்திரியில் லுவ்சானின் ஈரல் புற்றைக் கண்டுபிடித்த டாக்டர் அவளிடம் வைரஸ் என்றும் சொன்னார், குடிப்பாரா என்றும் கேட்டார். கேள்விதான் அவள் காதில் விழுந்தது. முப்பது வருடம் அந்தக் குடியோடு குடித்தனம் நடத்தியவள். வேறு என்ன காதில் விழும்? (குடியின் பங்கும் உண்டு. வைரஸ் மூட்டியது, குடி ஊதிவிட்டது.)

நோர்ஜின் சாணி பொறுக்கக் கூடையோடு வெளியே போனாள். கூடாரத்தில் இருவர் மட்டும்.

"அக்கா, பய வரமாட்டேங்கிறான்" என்றான் லுவ்சான். மகன் தெம்பெரெல் தலைநகரில் இருக்கிறான். "அவரா தேடிக்கிட்ட வியாதி, நான் வந்து என்ன பண்ணப்போறேன்னு அம்மாகிட்ட சொல்லிட்டான். அவனைப் பூமியில எடுத்துப்போட்டது உங்க கை. நீங்க சொன்னா கேப்பான்."

"என்ன சொல்லணும்?"

"குடியால மட்டும் வந்ததில்லைன்னு சொல்லுங்க. வேற என்னவோ, யார் தப்பும் இல்லாம வந்துச்சுன்னு. பொய்தான். செத்த பொறவு திட்டிக்கட்டும். ஒருவாட்டி வந்து உக்காந்தாப் போதும்."

தோல்கோர் பஞ்சை அவன் கையில் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது. இன்னும் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பொய் வராது, லுவ்சான்."

அவன் தலையாட்டினான். அவள் அப்படிப்பட்டவள் என்று ஊருக்கே தெரியும்.

6

எங்கள் புத்தாண்டான வெள்ளை மாதம் பிறக்கும் அன்று அந்த முப்பத்தியொரு பேரும் சொந்த அண்ணன் வீட்டுக்குப் போகும் முன்பே தோல்கோரின் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவள் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கி வாழ்த்துச் சொல்கிறார்கள். அத்தனை கைகளும் அவள் குத்திய கைகள். எங்கிருந்து வந்தது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அந்தத் தாள் இன்னும் அவள் சட்டைக்குள் இருக்கிறது.

இனி முடிவு. இரண்டு எழுதி வைத்திருக்கிறேன்.

முதலாவது: தோல்கோர் மகனுக்குப் போன் போட்டு, "பொய் இல்லப்பா, என் ஊசிதான்" என்கிறாள். அவன் பஸ் ஏறி வருகிறான். ஊர் அவள் வாசலை மிதிப்பதை விட்டுவிடுகிறது.

இரண்டாவது: லுவ்சான் சாகிறான். நோர்ஜின் குழிமேட்டில் நின்று, "சொன்னாக் கேட்டாரா" என்கிறாள். அடுத்த வெள்ளை மாதத்தில் அவளும் போய்த் தோல்கோரின் முழங்கையைத் தாங்குகிறாள்.

இரண்டாவதுதான் நல்ல கதை. பிரசுரத்துக்கு அனுப்பக்கூட அனுப்பியிருப்பேன். ஆனால் இரண்டிலும் ஓர் ஆள் குறைகிறான்.

4

கூடாரத்தில் இருவர் மட்டும் என்று எழுதினேன். மூன்று பேர் இருந்தோம். கதவோரம் உட்கார்ந்து நோர்ஜின் ஊற்றிய தேநீரை நான் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு, ஜூன். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் முகாம். லுவ்சானுக்கும் எனக்கும் பத்தொன்பது வயது. வேலை தொடங்கும் முன் எல்லாருக்கும் வைட்டமின் ஊசி. ஊசி போட்டுக்கொண்டவன் நேராகப் போய்க் குவியலிலிருந்து ஒரு கத்தரியை எடுத்துக்கொள்ளலாம். நாற்பது கத்தரியில் ஒன்பதுதான் கூர்மை. மொண்ணைக் கத்தரி கிடைத்தவனுக்கு இரண்டாம் நாளே மணிக்கட்டு வீங்கும். அப்புறம் சோற்றுக் கிண்ணம்கூடக் கையில் நிற்காது.

அந்த வசந்தத்தில் எனக்குக் காமாலை கண்டு அப்போதுதான் எழுந்திருந்தேன். தோல்கோர் என் இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"கண்ணு இன்னும் மஞ்சளா இருக்கு. நீ கடைசியில நில்லு. உனக்கு அப்புறம் ஊசியை வேகவைக்கணும்."

ஒரே ஊசி வைத்திருந்தவளிடம் இருந்த ஒரே கட்டுப்பாடு அது. கடைசிக்குப் போனேன். தலைகளை எண்ணினேன். தொப்பியைக் கண் வரை இறக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தேன்.

"என்னடா?" என்றான் வரிசையில் ஒன்பதாவதாக நின்ற லுவ்சான்.

"மொண்ணைக் கத்தரி வந்தா செத்தேன்டா. நோயில கெடந்த கை."

அவன் அரையடி பின்னால் நகர்ந்தான். "பூந்துக்கோ."

தோல்கோர் குனிந்தே இருந்தாள். அவளுக்குக் கைகள்தான் தெரியும், முகம் தெரியாது. என் கையிலிருந்து உருவிய ஊசியைப் பஞ்சால் துடைத்தாள். அடுத்த கை லுவ்சானுடையது.

எனக்குக் கூர்மையான கத்தரி கிடைத்தது. அன்றைக்கு அதுதான் கடைசிக் கூர்மை.

(அந்த ஊசி அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ வரிசைகளைப் பார்த்தது. எனக்கு முன்னால் நின்ற எட்டுப் பேரிலும் ஆறு பேருக்கு வைரஸ் இருக்கிறது. எந்தக் குத்தில் எவனுக்கு வந்தது என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. இதை வைத்துக்கொண்டுதான் நான் தூங்குகிறேன்.)

எனக்கு இருந்த அதே வைரஸ் இப்போது வந்திருக்கும் மூன்று மாத மாத்திரையில் போய்விட்டது. லுவ்சான் அளவுக்கு நானும் குடித்தவன்தான்.

5, விட்டுப்போனது

அன்று காலை தோல்கோர் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது நானும் வந்தேன். அலுமினியப் பெட்டியை மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள். அதே பெட்டி.

"அந்த வருஷம் கத்தரிப்புக்கு உன்னைக் கடைசியில நிக்கச் சொன்னேனே," என்றாள், கயிற்றைப் பார்த்தபடி. "நின்னேல்ல?"

"நின்னேங்கக்கா."

அவள் கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டாள். "அதுதான். எனக்கு ஞாபகம் இருக்கு" என்றாள்.

அவளுக்குப் பொய் வராது. எனக்கு வந்தது.

7

முடிவை உங்களிடம் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட முடியாது. அந்த வரிசையில் நீங்கள் நிற்கவில்லை.

இதை எழுதும்போது லுவ்சான் உயிரோடு இருக்கிறான். நேற்று மூன்று கரண்டி கஞ்சி உள்ளே போனது. யார் வண்டிச் சத்தம் கேட்டாலும் தலையைக் கதவுப் பக்கம் திருப்புகிறான். தெம்பெரெலின் எண் என் போனில் இருக்கிறது. இரண்டு தடவை எடுத்துப் பார்த்து வைத்துவிட்டேன்.

"உன் அப்பனுக்குக் குடியால மட்டும் வந்ததில்லை. வரிசையில எனக்கு இடம் விட்டான். என் ரத்தத்துல இருந்தும் வந்திருக்கலாம். பொறப்பட்டு வா."

லுவ்சானுக்கு நான் பட்ட கடன் இந்த நாலு வரி. முப்பத்தைந்து வருடமாகிறது. இன்னும் கொடுக்கவில்லை.