இடது காதோரத்துச் சடை

எவ்சேயின் மந்தையை ஓநாய் தொட்டதே இல்லை. பக்கத்து ஊர்களில் கோடை முடிவதற்குள் பாதி மாடு எலும்பாகிவிடும். இங்கே கன்றுக்குட்டிக்குக் கூட ஒரு கீறல் கிடையாது. அதற்காக எவ்சேயைப் பெரிய சூரன் என்று நினைத்துவிடாதீர்கள். பாதி நேரம் மரத்தடியில் குறட்டை விடுவான். மந்தையை மேய்த்தது காட்டை ஆளும் ஆவியான காட்டுக்காரர்.

அவரை யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. மனித வாடை பட்டாலே மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிவிடும் கூச்சக்காரர். ஆனால் கரடியும் ஓநாயும் அவர் சீட்டிக்குக் கட்டுப்பட்டவை. வசந்தத்தில் மாடுகளை முதன்முதலாக வெளியே ஓட்டும் நாளில், எவ்சேய் காட்டோரம் ரொட்டியும் முட்டையும் வைத்து வாக்குக் கொடுப்பான். பனி விழும்வரை அவன் தலையில் கத்தரி படாது. பதிலுக்கு மாடுகள் அத்தனையும் பத்திரமாக வீடு திரும்பும். வாக்குத் தவறினால் என்ன ஆகும் என்று கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை.

அவன் மனைவி உலீத்தாவுக்கோ அந்தப் பரட்டைத் தலையால் மானம் போயிற்று. மறுநாள் பீட்டர் திருநாள், அவள் அண்ணன் குடும்பத்தோடு வருகிறான். மதியப் பால் கறக்கும்போது அடுத்த வீட்டு மவ்ரா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா?

"ஏண்டி உலீத்தா, உன் பக்கத்துல படுக்கறது புருஷனா, கரடியா?"

"கரடின்னா குளிர்காலத்துலயாவது சத்தம் போடாம தூங்குமே!"

சிரித்துச் சமாளித்தாலும் சுருக்கென்று தைத்தது. உள்ளே எவ்சேய் முட்டைக்கோஸ் சூப்பைக் குடித்துவிட்டு, பெஞ்சில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இடது காதுக்குப் பின்னால் முடி பிசினும் முள்ளுமாய்ச் சடை பிடித்துக் கிடந்தது. இந்த அழகன் மேலா இத்தனை ஆசை வைத்திருக்கிறோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. ஒரே ஒரு சடை, அதுவும் காதுக்குப் பின்னால், யார் பார்க்கப் போகிறார்கள்? ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கத்தரியை எடுத்து நறுக்கி, சடையைப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள்.

விழித்தவன் காதைத் தடவினான். முகம் வெளுத்துவிட்டது.

"என்னடி பண்ணின?"

"ஒரு கொத்துதான்யா. அவருக்குத் தெரியவா போகுது?"

"அவருக்குத் தெரியாம அங்க ஒரு இலை உதிராது."

"அப்ப இன்னிக்குப் போகாத. வீட்டுலயே கெட."

"எல்லாம் ஊர் மாடுடி. நான் போகலேன்னா அதுங்க கதி?"

ஊதுகொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டான். வாசலில் திரும்பி வந்து அவள் கன்னத்தைத் தொட்டான். அப்படி அவன் ஒருநாளும் செய்ததில்லை. பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனான்.

சாயங்காலம்வரை காட்டிலிருந்து கொம்புச் சத்தம் வரவில்லை. ஒரு குருவிகூடக் கத்தவில்லை. உலீத்தா வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 

பொழுது சாயும்போது மணிச் சத்தம் கேட்டது. முதலில் அவளுடைய செவலை, பின்னால் மவ்ராவின் புள்ளிப் பசு, அப்புறம் ஊர் மாடு முழுக்க. ஒன்றுகூடக் குறையவில்லை.

"பாத்தியா, எல்லாம் வந்துடுச்சு! எதுக்குடி இப்படி நடுங்கற?" என்றாள் மவ்ரா.

உலீத்தாவுக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பின்னால் வரும் புருஷனைத் தேடினாள்.

காட்டின் கடைசி மரத்தோடு மரமாக ஒருவர் நின்றிருந்தார். மரப்பட்டைச் செருப்பைக் காட்டுக்காரரின் வழக்கப்படி கால் மாற்றிப் போட்டிருந்தார். ஊரைப் பார்க்கக் கூசியவராக முகத்தைக் கிளைகளுக்குள் மறைத்துக்கொண்டார். அவர் காலடியில் ஓநாய்கள் வீட்டு நாய்களைப் போல உட்கார்ந்திருந்தன. மாடுகளைப் பத்திரமாக அனுப்பிவைத்து, தம் பங்கு வாக்கை அவர் காப்பாற்றிவிட்டார்.

ஒரு ஓநாய் மட்டும் உட்காரவில்லை. உலீத்தாவையே பார்த்துக்கொண்டு நின்றது. அது தலையைத் திருப்பியபோது தெரிந்தது. இடது காதுக்குப் பின்னால் ரோமம் ஒட்ட நறுக்கப்பட்டிருந்தது.

"எவ்சேய்!" என்று அலறினாள்.

ஓநாய் அவளை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தது. மரத்தடியிலிருந்து சீட்டி ஒலித்தது. அது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மற்ற ஓநாய்களோடு காட்டுக்குள் போயிற்று.