அசல் பிரதியின் உரிமையாளர்

எங்கள் ஊர் கோம்பையில் காசு கொடுத்துக் கம்ப்யூட்டர் கேம் வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூட்டாளி அழகர் திருட்டுக் காப்பியில் விளையாடுவதைப் பார்த்தால், "உழைச்சவன் வயித்துல அடிக்காதடா" என்று பிரசங்கம் வேறு.

போன மாதம் கம்ப்யூட்டருக்குப் புது ஹார்டு டிஸ்க் மாட்டினேன். அதைப் புதுக் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொண்டு கேம் திறக்க மறுத்தது. கம்பெனிக்கு எழுதினேன். வாங்கிய ரசீதைக் கையில் பிடித்தபடி முகம் தெரியப் போட்டோ அனுப்பச் சொன்னார்கள்.

சுவரோரம் நின்றேன். படம் எடுத்த என் மனைவி கயல், "போலீஸ் ஸ்டேசன்ல சிலேட்டப் பிடிச்சு நிக்கிறவுக மாதிரியே இருக்கீக" என்றாள்.

பதில் வரவில்லை. நாலாம் நாள் பொறுக்க முடியாமல் அழகர் வீட்டுக்குப் போனேன். போட்டோ கதை அவன் காதுக்கும் எட்டியிருந்தது.

"ஏலே, உக்காரு. இங்கன யாரும் ரசீது கேக்க மாட்டாக."

மூன்றே நாளில் அதே கேமின் முழு ஆட்டத்தையும் அவன் காப்பியிலேயே முடித்தேன்.

மறுநாள் கம்பெனியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. நான்தான் உண்மையான உரிமையாளர் என்று உறுதியாகிவிட்டதாம். பெருமையோடு கயலிடம் காட்டினேன்.

"அழகர் அண்ணங்கிட்டயும் காட்டிட்டு வாங்க" என்றாள்.