ஜன்னலுக்கு வெளியே பிடித்த பெட்ரோல்

1

1963இல் ஒரு போர் விமானம் ஆம்பூரிலிருந்து வேலூர் வரை தார் ரோட்டிலேயே வந்தது. இறக்கை கிடையாது. பெட்ரோலை ஒரு பெண் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நம்ப வேண்டாம். இதை எனக்குச் சொன்னவர் அந்தப் பெண்தான், பெயர் அம்சவேணி. அவர் சொன்னது கால் பங்கு, மீதி முக்கால் என் கைச்சரக்கு. எது எதென்று கேட்காதீர்கள். எனக்கே இப்போது கலந்துபோய்விட்டது.

2

முதல் தொடக்கம்: "பாலாறு வறண்டு கிடந்த ஒரு கோடையில்..." (அது வறளாத கோடை எது? அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: அம்சவேணியின் கணவர் பரந்தாமன் பெங்களூரில் போர் விமானத்துக்கு வரைபடம் போடுகிறவர். சனிக்கிழமை ரயிலேறி ஆம்பூர் வீட்டுக்கு வருவார். விமானத்தை எப்படிப் பறக்கவைப்பது என்று மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அடிபட்ட பிறகும் எப்படிப் பறக்கவைப்பது என்பது இவர் கவலை. குண்டு பட்டு பம்பு செத்துவிட்டால்? எரிபொருள் டாங்கி இன்ஜினுக்கு மேலே இருக்கட்டும், எண்ணெய் தன் பாரத்திலேயே இறங்கும், விமானி வீடு வந்து சேர்வான். (ஆயிரம் குண்டு பட்டாலும் பறக்கும் என்று எழுதியிருந்தேன். அம்சவேணி முறைத்தார். நாலு குண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

அடுத்த வீடு தோல் வியாபாரி மக்பூல் அகமதுவினுடையது. அந்தத் தெருவில் மூன்று கார்கள் இருந்தன. இரண்டு திருடு போய்விட்டன. மிச்சம் பாயின் அம்பாசிடர் மட்டும்தான்.

"ஆகாசத்துல போறதச் செய்றீங்க தம்பி. தரையில நிக்கிறது போவாம இருக்க ஒரு வழி சொல்லுங்களேன். ஒரே பேஜாரா இருக்குது."

"அது சுலபம் பாய்" என்றார் பரந்தாமன். விமானத்தில் எது போனாலும் இன்னொன்று தாங்கும்படி வரைந்தவர், அந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். ஒன்றே ஒன்றைக் கழற்றினால் வண்டி பிணம். டிக்கிக்குள் இருந்துகொண்டு டாங்கியிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் கைக்கடக்கமான பம்பைக் கழற்றிப் பாயிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து பாய் சாவியை வண்டியிலேயே தொங்கவிட்டார். பம்பு மட்டும் அவருடைய ஜிப்பாப் பையில் போகும், வரும்.

3

பாய் தோல் விற்க மெட்ராஸ் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவர் மகள் சைராவுக்கு ரத்தம் போகத் தொடங்கியது. மருத்துவச்சி கையை விரித்தாள். "என்னால ஆவாது. வேலூருக்குக் கொண்டு போங்க, சீக்கிரம்."

பம்பு மெட்ராஸில் இருந்தது.

பரந்தாமன் அந்த வண்டியைப் பார்த்தபடி

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. அவர் முகத்தை அம்சவேணி எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்.)

"உங்க ஏரோப்ளேன்ல இப்ப இன்னா செய்வாங்க?" என்று கேட்டவர் அம்சவேணி.

மண்ணெண்ணெய் டின்னைக் காலி செய்து, வண்டியின் டாங்கியிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலை ஊற்றினார்கள். டின்னிலிருந்து ஒரு ரப்பர் குழாய் பானட் இடுக்கு வழியாக இன்ஜினுக்குப் போனது. முன் சீட்டில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே டின்னை உயர்த்திப் பிடித்தார் அம்சவேணி. பின்னால் சைரா, அவள் அம்மா பக்ருன்னிசாவின் மடியில். கை தாழ்ந்தால் வண்டி இருமும், உயர்ந்தால் ஓடும். யாராலும் திருட முடியாத காரை, அப்படி ஆக்கியவரே திருடிக்கொண்டு போனார்.

4

விரிஞ்சிபுரம் தாண்டி, கார் திருட்டுக்காகப் போட்டிருந்த காவலில் கான்ஸ்டபிள் பச்சையப்பன் மறித்தார்.

"இன்னாய்யா டின்னு அது?"

"பெட்ரோல்."

"டாங்கி இல்ல?"

"இருக்குது. பம்பு இல்ல."

"பம்பு இல்லாம வண்டி ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப இது?"

"ஓடுது" என்றார் பரந்தாமன்.

பச்சையப்பன் பானட்டைத் திறந்தார், டிக்கியைத் திறந்தார். "யார் வண்டி? சொந்தக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியாது. மெட்ராஸ்ல இருக்காரு."

"போன மாசம் இதே மாதிரி பின்சீட்டுல ஒரு பொம்பள முனகினா. பாவம்னு உட்டேன். திருட்டு வண்டி. எனக்கு மெமோ. இன்னொரு வாட்டி ஏமாந்தா வேல பூடும். எறங்குங்க."

(அவரைக் கல்நெஞ்சராக எழுதிவிடுவது எனக்கு வசதி. ஆனால் அவர் சொன்னது அத்தனையும் நியாயம். அதனால்தான் இந்தப் பக்கத்தில் வெகுநேரம் நின்றுவிட்டேன்.)

உள்ளேயிருந்து சைராவின் குரல் வந்தது. "அண்ணே, திருட்டுன்னே எழுதிக்கிங்க. வண்டிய மட்டும் நிறுத்தாதீங்க."

அம்சவேணியின் கை மரத்து, டின் கதவில் இடித்துக்கொண்டிருந்தது. வண்டி இருமியது. பச்சையப்பன் அம்சவேணியைப் பின்னால் போகச் சொல்லி முன் சீட்டில் ஏறினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டின்னை வாங்கி வெளியே நீட்டினார்.

"ஓட்டுய்யா. ஓடலன்னா உன்னத் தொலைச்சிடுவேன்."

5

இனி முடிவு.

ஒன்றில் வண்டி வேலூர் எல்லைக்கு முன்பே நின்றுவிடுகிறது. அதை எழுதினேன், கிழித்தேன். இன்னொன்றில் வண்டி நிஜமாகவே பறக்கிறது. அதையும் கிழித்தேன், மனமில்லாமல்.

நடந்தது இது. வண்டி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. சாயங்காலம் டாக்டரம்மா வெளியே வந்து, "தாய் பொழைச்சுக்குவா" என்றார். குழந்தையைப் பற்றி அடுத்து ஏதோ சொன்னார். அதை அம்சவேணி எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் எழுதப்போவதில்லை. அந்த வாக்கியம் உங்களுடையது. எழுதும்போது பக்ருன்னிசாவின் முகத்தை ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

வாசலில் இன்னொரு விசாரணை நடந்துகொண்டிருந்தது. காவலை விட்டு வந்த கான்ஸ்டபிளைத் தேடி இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். டிக்கிக்குள் குனிந்து பார்த்து நிமிர்ந்தவர், பரந்தாமனைக் காட்டிப் பச்சையப்பனிடம் கேட்டார்.

"பம்பே இல்லாத வண்டி ஆம்பூர்லேர்ந்து ஓடி வந்துதாம். இந்த ஆளு கத வுடறான். வேற எவனோ இழுத்தாந்து உட்டிருக்கான், இவன் அவனோட கூட்டாளி. நீ இன்னா சொல்ற?"

எப்படி வந்ததென்று தெரியாது, துரத்தி வந்து பிடித்தேன் என்று சொன்னால் போதும், பச்சையப்பனின் வேலை தப்பிக்கும், பரந்தாமன் உள்ளே போவார். பச்சையப்பன் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். பெட்ரோல் நாற்றம் போகவில்லை.

"ஓடித்தான் வந்துச்சு சார். நான்தான் டின்னப் புடிச்சினு வந்தேன்."