மஞ்சூரியாவில் செத்த மாப்பிள்ளை

“பொறந்தவன்னா எங்கயாச்சும் செத்திருக்கணும். இல்லையா?”

“மஞ்சூரியாவுலன்னு போட்டிருக்கே பெரியப்பா.”

“மஞ்சூரியா என்ன நம்ம கொல்லைப்புறமா? எந்த ஊரு, எந்தத் தெரு, யாரு தோள் குடுத்தா? ஒண்ணும் இல்ல. ‘மகள்: மாப்பிள்ளை யோம் சக்யூன், மூன்றாம் மாதம் ஒன்பதாம் நாள் மஞ்சூரியாவில் காலமானார்.’ முடிஞ்சுது. இத வெச்சுக்கிட்டு நான் அச்சுக்கு அனுப்பணுமா?”

“தொண்ணூறு வருஷமா அச்சுலதானே இருக்கு?”

“அது அப்ப. இப்ப கம்ப்யூட்டர் இருக்கு. பொய்னா கண்டுபிடிச்சிடும்.”

கம்ப்யூட்டர் என்று அவர் சொன்னது என்னைத்தான். பியோ குலத்தின் வம்சப் புத்தகம் கடைசியாக அச்சானது 1928இல். அதற்குப் பிறகு ஒரு போர் வந்தது. போருக்குப் பிறகு முன்னுரையை யார் எழுதுவது என்று அறுபது வருடம் சண்டை நடந்தது. சண்டை போட்டவர்களில் உயிரோடு மிஞ்சிய என் பெரியப்பா பியோ தெகுன், எழுபத்தெட்டு வயதில், முன்னுரையைத் தானே எழுதி முடித்தார். பிறகு, நூலகத்தில் ஒப்பந்த வேலை முடிந்து வீட்டில் குப்புறப் படுத்து நாவல் படித்துக்கொண்டிருந்த என்னைத் தட்டச்சுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். யேச்சன் கடைத்தெருவில் ஒரு நூடுல்ஸ் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் குல அலுவலகம். எங்கள் பன்னிரண்டாயிரம் முன்னோர்கள் மீதும் நாள் முழுக்க நெத்திலி ரசத்தின் வாசனை அடிக்கும்.

பழைய புத்தகத்தில் மகளுக்குப் பெயர் கிடையாது. இப்படி ஒருத்தி இருந்தாள் என்பதற்கு அடையாளமாக அவள் கணவனின் பெயர் இருக்கும். புதியதில் மகள்கள் சொந்தப் பெயரில் வருகிறார்கள். நானும் இருக்கிறேன். ஹேயின், பிறந்த வருடம், அதற்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது. ‘எதுக்கும் இருக்கட்டும்’ என்று பெரியப்பா விடச் சொன்ன இடம் அது.

ஆனால் பழைய மாப்பிள்ளைகளுக்கு ஒரு விதி இருந்தது. ‘எங்கள் ஆள்தான்’ என்று அவரவர் குலம் சான்றிதழ் தர வேண்டும். தராவிட்டால் மனைவியோடு சேர்த்து வரி முழுவதும் போய்விடும். யோம் குலத்துக்குக் கடிதம் போட்டு ஒரு மாதமாகியிருந்தது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். அன்று புதன்.

“நாளைக்குள்ள பதில் வரலன்னா வரியத் தூக்கிடு,” என்றார் பெரியப்பா.

“அது உங்க தாத்தாவோட தங்கச்சி இல்லையா? உங்களுக்குத் தெரியுமே அவங்கள?”

“தெரியாம என்ன? தையல் பாட்டி. என் மொத பள்ளிக்கூட டவுசரே அவ தெச்சதுதான். பாக்கெட்டு பெருசு பெருசா வெப்பா.”

“பேரு?”

“தையல் பாட்டி.”

“அது கூப்பிடற பேரு. நெசப் பேரு?”

பெரியப்பா யோசித்தார். “அதெல்லாம் யாரும்மா கேட்டா?”

எனக்குத் தெரியும். யோன்சில். இரண்டு வாரம் முன்பு, பழைய அச்சுப் பிரதிகள் இருந்த மரப்பெட்டியின் அடியில் ஒரு நோட்டு கிடைத்தது. அவள் பெயர் அதில் இருந்தது. யோம் சக்யூன் என்று ஒருவன் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை என்பதும் அதே பக்கத்தில் இருந்தது. இல்லாதவனுக்கு யார் சான்றிதழ் தருவார்கள்? நோட்டை என் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் பெயர் புத்தகத்தில் ஏற வேண்டும் என்று மட்டும் எனக்குப் பிடிவாதமாக இருந்தது. எப்படி என்று தெரியவில்லை.

*

நோட்டுக்குச் சொந்தக்காரர் பாங் இன்மோக். 1928இல் வீடு வீடாகப் போய்ப் பெயர்களைச் சேகரித்த எழுத்தர். ஒவ்வொரு நாளும் என்ன சாப்பிட்டார் என்பதை முதலில் எழுதுவார், யாரை எழுதினார் என்பதைப் பிறகு எழுதுவார். ‘மூன்றாம் மாதம், ஒன்பதாம் நாள். பியோ ஹக்சே வீடு. குளிர்ந்த நூடுல்ஸ், நான்கு கிண்ணம். முள்ளங்கிக் கிம்ச்சி உத்தமம்.’

மூன்றாவது கிண்ணத்தைக் கொண்டுவந்தவள்தான் யோன்சில். எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தார். அப்பா, அண்ணன், அண்ணனின் மூத்த பையன்கள், பிறந்து பதினோரு நாளேயான கடைசிப் பையன்.

“அது இன்னும் கண்ணக்கூட சரியாத் தொறக்கல. அதுக்கு ஒரு வரியா?”

“ஆம்பளப் புள்ளையாச்சேம்மா.”

“இருபத்தொம்பது வருஷமா இந்த வீட்டுக்குள்ள நடமாடறேன். நான் எங்க?”

“மாப்பிள்ளை பேருல வருவ. மாப்பிள்ளை யாரு?”

“இல்ல.”

“அப்ப நீயும் இல்ல.”

நல்ல மனிதர்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னதாக எழுதியிருக்கிறார்.

யோன்சிலுக்கு வரன் வராமல் இல்லை. வந்த ஐந்தையும் அவள் வேண்டாம் என்றாள். கடைசியாக வந்தவருக்கு நான்கு குழந்தைகள், அவர்களைவிட மூத்த ஒரு இருமல். அவளிடம் தையல் மெஷின் இருந்தது. மூன்று ஊருக்குத் துணி தைத்தாள். மாலையில் யாருக்கும் கால் அமுக்க வேண்டியதில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் பாங் இன்மோக்கின் எதிரில் உட்கார்ந்தாள்.

“எழுதிக்குங்க. யோம் சக்யூன்.”

“யாரு அது?”

“எங்க வீட்டுக்காரரு.”

“இந்தப் பக்கம் யோம் வீடே கிடையாதேம்மா?”

“அதனாலதான் அந்த வீடு.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். “தூரத்துல குடுத்துட்டாங்க.”

“அவரு அப்பா பேரு?”

“சொல்ல மாட்டாரு. அப்பா மேல கோவம்.”

“இப்ப எங்க இருக்காரு?”

இங்கே யோன்சில் யோசித்தாள். உயிரோடு இருக்கும் கணவன் என்றைக்காவது சாப்பாட்டுக்கு வந்து நிற்க வேண்டும்.

“செத்துட்டாரு. மஞ்சூரியாவுல.”

“அடப் பாவமே. எப்ப?”

“இன்னைக்கு,” என்று வாயில் வந்துவிட்டது. “அதாவது, சேதி இன்னைக்குத்தான் வந்துச்சு.”

பாங் இன்மோக் தூரிகையை மையில் தோய்த்து அப்படியே எழுதினார். ‘எல்லாம் புரிந்தது. அப்போது நான்காவது கிண்ணம் வந்தது’ என்பதோடு நோட்டில் அந்த விசாரணை முடிகிறது.

ஆனால் காகிதக் கதவுக்குப் பின்னால் அவளுடைய அப்பா இருந்தார். கதவு திறந்தது. அவர் கண் கலங்கியிருந்தது.

“யோம் வீடுன்னா நல்ல எடமாச்சேம்மா! உயிரோட இருக்கறப்பவே சொல்லியிருக்கக் கூடாதா?”

“கோவிச்சுக்குவீங்கன்னுதான்பா.”

“ஒரு தடவ கூப்பிட்டு ஒரு வாய் சோறு போட்டிருப்பேனே!”

அப்பாவுக்கு உண்மை தெரியுமா தெரியாதா என்பதை பாங் இன்மோக்காலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணமாகாத பெண் பின்னல் போட்டிருப்பாள். கைம்பெண்ணாக வேண்டுமென்றால் முதலில் பின்னலைச் சுருட்டிக் கொண்டை ஊசி குத்தியாக வேண்டும். அம்மா சீப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“ஆடாம உக்காரு. இப்பத்தான் உனக்குக் கல்யாணம் ஆயிட்டிருக்கு.”

குத்தி முடித்தாள்.

“எழுந்திரு. புருஷன் செத்துட்டான். போய் வெள்ளையக் கட்டு.”

சாயந்தரத்துக்குள் ஊரே துக்கத்துக்கு வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி மாப்பிள்ளையைச் சந்தையில் பார்த்திருப்பதாகச் சொன்னாள். நல்ல உயரமாம். மூன்று வருடம் யோன்சில் வெள்ளை கட்டினாள். நல்ல குடும்பத்துக் கைம்பெண்ணிடம் மறுபடி வரன் பேசுவது மரியாதை இல்லை என்பதால் தரகர்கள் யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அச்சான புத்தகத்தைக் கொடுக்க அடுத்த வருடம் போன பாங் இன்மோக் ஒரே வரி எழுதியிருக்கிறார். ‘கைம்பெண் சற்றுப் பருத்திருக்கிறாள். மெஷின் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது.’

*

வியாழக்கிழமை மதியம் படியில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. தோளில் ஆப்பிள் பெட்டியோடு ஒருவர் உள்ளே வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு போட்டிருந்தார். பெட்டியை இறக்கிய கையோடு பெரியப்பாவின் காலடியில் நெற்றி தரையில் பட விழுந்தார்.

“மாமா! நான் யோம் மான்போக். சக்யூன் தாத்தாவோட பேரன்.”

என் விரல் ஒரு விசையிலேயே நின்றுவிட்டது. திரையில் ஒரே எழுத்து வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

“பேரனா?” என்றார் பெரியப்பா. “தையல் பாட்டிக்குப் புள்ளையே கெடையாதேப்பா?”

“எங்கப்பாவத் தாத்தாவுக்குத் தத்துக் குடுத்தாங்க மாமா. 1974ல.”

“அவரு செத்து நாப்பத்தாறு வருஷம் கழிச்சு?”

“புள்ள இல்லாமப் போனவருக்குப் படையல் போட ஆள் வேணாமா? எனக்கு அப்ப இருபது வயசு. படுக்கறப்ப ஒரு தாத்தா, எழுந்தா வேற தாத்தா.”

பெரியப்பா நிதானமாகத் தலையாட்டினார். இதில் அவருக்கு எதுவும் விநோதமாகப் படவில்லை. எங்கள் குலத்திலேயே செத்த பிறகு பிள்ளை பெற்றவர்கள் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். அத்தனை பேரையும் நான்தான் தட்டச்சு செய்தேன்.

யோம் குலத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் 1928 புத்தகத்தை எங்கேயோ பார்த்திருக்கிறார். நம் வீட்டுப் பிள்ளை அடுத்தவன் புத்தகத்தில் அநாதையாக நிற்கிறானே என்று அழுதிருக்கிறார். போரில் அவர்களுடைய ஒரு கிளையின் ஏடுகள் எரிந்துபோயிருந்தன. அந்தக் கிளையில் மூன்றாவது மகனாக சக்யூனை உட்கார வைத்துவிட்டார்கள். உடல் கிடைக்காததால் ஒரு ஜோடி உடையைப் புதைத்துச் சமாதி கட்டினார்கள். சக்யூனுக்கு இப்போது நாற்பத்தொரு வாரிசுகள். மூன்றாம் மாதம் ஒன்பதாம் நாள் எல்லாரும் கூடிப் படையல் போடுகிறார்கள்.

“தாத்தா படம்கூட வரைஞ்சு வெச்சிருக்கோம். இந்த மூக்கப் பாருங்க மாமா. அப்படியே அவரு மூக்கு.”

“ஆமாமா,” என்றார் பெரியப்பா.

மான்போக் கோட்டின் உள்பையிலிருந்து உறையை எடுத்தார். சிவப்பு முத்திரை குத்திய சான்றிதழ். யோம் சக்யூன் எங்கள் ஆள்தான். மேசையில் வைத்தார், ஆனால் உள்ளங்கையை அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

“எங்க பாட்டி பேருதான் தெரியாது. படையல்ல ‘பியோ வீட்டம்மா’ன்னுதான் வாசிக்கிறோம்.”

“யோன்சில்,” என்றேன்.

பெரியப்பா திரும்பினார். “உனக்கெப்படித் தெரியும்?”

“அப்பா சொல்லியிருக்காரு.”

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. பெண்களின் பெயருக்கு அவர் என்றைக்கும் சான்று கேட்டதில்லை. மான்போக் அந்தப் பெயரை மெதுவாக இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், கைக்குட்டையைத் தேடினார். நான் ஓடிக்கொண்டிருந்த எழுத்துகளையெல்லாம் அழித்துவிட்டு அந்த இடத்தில் அவளைத் தட்டினேன். பியோ யோன்சில், பிறப்பு 1899. கீழே பைக்குள் கிடந்த நோட்டைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, இல்லாத ஒரு ஆணுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

“இன்னொரு விஷயம் மாமா,” என்று மான்போக் வேறொரு தாளை விரித்தார். “தாத்தா அங்க தனியாக் கெடக்கறாரு. பாட்டி உங்க மலையில தனியாக் கெடக்கறாங்க. தொண்ணூறு வருஷமாப் பிரிஞ்சு கெடக்கறவங்க. பாட்டியத் தோண்டி எடுத்துட்டுப் போயி, தாத்தா பக்கத்துல, ஒரே மேட்டுக்கு அடியில வெச்சிடலாம்னு.”

“ரொம்ப நியாயம்!” பெரியப்பா அதற்குள் தன் முத்திரையை மையில் ஒற்றிக் குத்திவிட்டார். “ஆனா மலை இவ பேருல இருக்கு. எந்தம்பி பங்கு. இவளும் போடணும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

யோன்சில் பாட்டியின் சமாதி மலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது. இடப்பக்கம் யாரும் இல்லை, வலப்பக்கம் யாரும் இல்லை. எழுபத்தொரு வயதில் சாவதற்கு முன் அந்த இடத்தை அவளே போய்ப் பார்த்துக் குறித்துவிட்டு வந்தாள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

“அவங்களுக்கு அது பிடிக்குமா?” என்று கேட்டேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

“புருஷன் பக்கத்துல படுக்கறதுக்குப் பிடிக்கறதென்ன, பிடிக்காததென்ன?” என்றார் பெரியப்பா. “உனக்கெங்க தெரியப்போவுது இதெல்லாம்.”

“வேணாம்னா?”

மான்போக்கின் முகம் தர்மசங்கடத்தில் சிவந்தது. சான்றிதழின் மேல் இருந்த உள்ளங்கை கொஞ்சம் அழுந்தியது. “நான் ஒண்ணும் சொல்லலம்மா. ரெண்டு தாளும் ஒண்ணாத்தான் கை மாறணும்னு எங்க பெரியவங்க சொல்லி அனுப்பியிருக்காங்க. புருஷன் பக்கத்துல வர மாட்டாங்கன்னா, அவரு புருஷன்னு நாங்க எப்படி எழுதிக் குடுக்கறது?”

கீழே கடையில் யாரோ இன்னொரு கிண்ணம் கேட்டுச் சத்தம் போட்டார்கள். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் கர்சர் விட்டு விட்டு மின்னியது.

மான்போக் மைப்பெட்டியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார்.

“நாப்பத்தொரு பேரும் வேன் பேசிட்டுக் காத்திருக்காங்கம்மா. இந்த எடத்துல உன் முத்திரை ஒண்ணு வெச்சுக் குடு. எங்க பாட்டிய எங்க தாத்தாகிட்ட அனுப்பி வை.”