பாதாளத்தில் அசையாமல் நின்றவள்

பஞ்சர் ஒட்டிய பசை காய்வதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் பஞ்சர் அக்கா பாதாளத்துக்குள் இறங்குவாள். கடையின் பின்மூலையில், கிழிந்த டியூப்கள் மலையாகக் கிடக்கும் இடத்தில் ஒரு ஸ்டூல். கருத்த கையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு கேம் மெஷின். காலை பதினொன்றரை மணிக்கு அவளை யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் டயரை நெம்புகிற இரும்பு லீவர் பறந்து வரும் என்பது தெருவுக்கே தெரியும். ஒருமுறை பறந்தும் வந்திருக்கிறது.

அது விலங்குகளைப் பிடித்துச் சேர்க்கிற விளையாட்டு. அக்காவும் தங்கையும் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஒரே மெஷினை வைத்துக்கொண்டு அடித்துப் பிடித்து ஆடியது. இப்போது கம்பெனிக்காரர்கள் அதையே புதிதாகச் செய்து விட்டிருந்தார்கள். காடும் ஊரும் பழையபடிதான். பாதாளம் மட்டும் வேறு. பழையதில் நாலு இருட்டுச் சந்து, அவ்வளவுதான். புதியதில் தரைக்கடியில் இன்னொரு உலகமே இருந்தது. கந்தக அறை, உப்பு அறை, வேர்கள் தொங்கும் அறை என்று சுவரை உடைக்க உடைக்க வந்துகொண்டே இருந்தது. இன்னொரு சௌகரியமும் உண்டு. நெட் வேண்டாம், போன் வேண்டாம். பக்கத்தில், ஒரு மாடி தூரத்துக்குள் இன்னொருவர் அதே விளையாட்டைத் திறந்தால், இரண்டு பேரின் பொம்மைகளும் ஒரே குகைக்குள் நிற்கும்.

அந்த இன்னொருத்தி கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருந்தாள். தங்கை. சின்னவள்.

அக்காவுக்குச் சாப்பாடு கொண்டுவரும் வழியில் மாடிக்காரனைப் பார்த்துப் பிடித்துப்போய்க் கட்டிக்கொண்டவள். அவன் குளிர்பெட்டி வேன் ஓட்டுகிறவன். விடியும் முன் போனால் ஒரு மணிக்குத் திரும்புவான். கல்யாணமான இரண்டாம் மாதம் அவள் போனைப் பிடுங்கிக்கொண்டான். மூன்றாம் மாதம் வெளியே பூட்டு தொங்கியது. அக்கா கேட்கப் போனாள். அவன் மூக்கை இவள் உடைத்தாள், இவள் சுண்டுவிரலை அவன் ஒடித்தான். வந்த போலீஸ் இரண்டு பேரையும் அடக்கிவிட்டுப் போனது. மறுநாள் ஜன்னல் வழியாகச் சின்னவள் சொன்னாள்:

"அக்கா, இனிமே வராத. நீ வந்துட்டுப் போனா எனக்கு ரெண்டு மடங்கா விழுது."

அதற்குமேல் பஞ்சர் அக்கா படியேறவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கீழேயே இருந்தாள். சின்னவளிடம் இருந்த கேம் மெஷின் மட்டும் அவன் கண்ணில் படாமல் தப்பியது என்று சொல்ல முடியாது. பார்த்தான். சின்னப்பிள்ளைச் சாமான் என்று விட்டுவிட்டான்.

பாதாளத்தில் பேச முடியாது. பொம்மை குதிக்கும், உட்காரும், கையசைக்கும், அவ்வளவுதான். குதித்தால் நல்லா இருக்கேன். உட்கார்ந்தால் நேற்று அடி விழுந்தது. பெரும்பாலான நாட்கள் சின்னவளின் பொம்மை வந்ததும் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்து நடக்கும். அக்கா அதைப் பார்த்துவிட்டு, அன்று வருகிற டயர்களை எல்லாம் வேண்டியதைவிடப் பலமாக அடிப்பாள்.

அன்று ஒரு லாரி வந்திருந்தது. பின் சக்கரம் கழன்று கிடக்க, லாரிக்காரர் கடை வாசலில் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ஆள் மூட்டை மாதிரி. கம்ப்ரசர் காது கிழிய ஓடியது.

சின்னவள் அன்று உட்காரவில்லை. வந்ததும் இரண்டு முறை குதித்தாள். அக்காவுக்கு முகம் மலர்ந்தது. இரண்டு பொம்மைகளும் கந்தக அறையைத் தாண்டி, நேற்று விட்ட சுவருக்குப் போயின. சுத்தியலால் மாறி மாறி அடித்தார்கள். கல் உதிர்ந்தது. உள்ளே ஒரு ஏரி. கரும்பச்சைத் தண்ணீர், அதில் கண்ணில்லாத வெள்ளை மீன்கள், நடுவில் வரிசையாக மிதிகற்கள். மேலே கூரை முழுக்க வவ்வால் மாதிரி ஒரு ஜாதி தலைகீழாகத் தொங்கியது. காது இரண்டும் கத்தி மாதிரி. புதியவை. யாரிடமும் இல்லாதவை.

சின்னவள்தான் முன்னால் போவாள். எப்போதுமே அவளுக்குத்தான் தைரியம். முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல். அங்கே நின்றாள்.

கத்திக்காதுகள் இறங்கின. அக்கா தன் ஆமையை விட்டாள். முதுகெல்லாம் பாறையாக இருக்கிற அதற்குச் சகோதரிகள் வைத்த பெயர் கல்லாமை. கல்லாமை ஒன்றைக் கடித்துக் கிழித்தது. இன்னொன்றை மிதித்துச் சப்பையாக்கியது. சின்னவள் தன் விலங்கை விடவே இல்லை. பொம்மை கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. கத்திக்காதுகள் அதன் முகத்திலும் தோளிலும் வெட்டின. ஒவ்வொரு வெட்டுக்கும் திரை சிவந்தது.

"ஓடுடி! என்னத்தப் பாத்துட்டு நிக்கிற?" என்று அக்கா மெஷினைப் பார்த்துக் கத்தினாள்.

வாசலிலிருந்து லாரிக்காரர் எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, மேல என்ன விறகு வெட்றாங்களா? டீக்குள்ள சுண்ணாம்பு விழுது."

பஞ்சர் அக்கா கம்ப்ரசரை அணைத்தாள். தெருவே திடீரென்று செத்தது போலிருந்தது. மேலே தொம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி தொம். அழுகைச் சத்தம் இல்லை.

லீவரை எடுத்துக்கொண்டு ஓடினாள். படிகளை எப்படி ஏறினாள் என்று பிற்பாடு அவளுக்கே நினைவில்லை. கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. லாரி டயரையே ரிம்மிலிருந்து பெயர்க்கிறவளுக்குப் பலகைக் கதவு எம்மாத்திரம். லீவர் முனையைச் சந்தில் கொடுத்து உடம்பையே எறிந்தாள். தாழ்ப்பாள் ஆணியோடு பிய்ந்து வந்தது.

வேன்காரன் சீக்கிரம் திரும்பிவிட்டிருந்தான். சின்னவளின் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து, குளியலறை நிலைக்கட்டையில் முகத்தை மோதிக்கொண்டிருந்தான். நிதானமாக, ஆணி அடிக்கிறவன் மாதிரி. அவள் தாடை ஒரு பக்கமாகத் தொங்கியது. தரையில் கேம் மெஷின் ஒளிர்ந்துகொண்டு கிடந்தது.

"யாருடி அந்த ரெண்டாவது ஆளு? சொல்லு! எவன்கூட சுத்துற அதுக்குள்ள?"

பஞ்சர் அக்காவுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. அவன் திரையில் இரண்டு பொம்மைகளைப் பார்த்திருக்கிறான். சின்னவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்காதான் என்று. சொன்னால் மெஷின் போய்விடும். அதனால் சொல்லவில்லை.

"நான்தான்டா அந்த ஆளு!"

லீவர் அவன் முழங்கையில் இறங்கியது. அவன் ஊளையிட்டுக்கொண்டே பிடியை விட்டான். ஆனால் அவனுக்கு இன்னொரு கை இருந்தது, மேஜைமேல் இஸ்திரிப் பெட்டியும் இருந்தது. அது அக்காவின் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் இரண்டு கண்ணிலும் வழிந்து உலகமே சிவப்பானது. கால் இடறி மல்லாக்க விழுந்தாள். லீவர் கைநழுவிக் கட்டிலடியில் போய் உருண்டது. அவன் அவள் நெஞ்சில் முழங்காலை ஊன்றித் தொண்டையை நெரித்தான். அவன் கட்டைவிரல் வாய்க்குப் பக்கத்தில் வந்தபோது கடித்தாள். எலும்பு பல்லில் தட்டுப்பட்டது. விடவில்லை. அவனும் விடவில்லை. அவளுக்குக் காதுக்குள் கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது.

அப்புறம் அவன் தோள் ஒரு பக்கம் சரிந்தது.

பின்னால் சின்னவள் நின்றாள். வாயிலிருந்து ரத்தமும் எச்சிலும் கயிறாக வழிந்தது. லீவரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவன் திரும்பி எழப் பார்த்தான். இரண்டாவது அடி முழங்காலில். பச்சை மரக்கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அவன் விழுந்தான். மூன்றாவது விலாவில். பிறகு அவள் லீவரைத் தலைக்குமேல் தூக்கினாள். அவன் தலை எங்கே இருக்கிறது என்று பார்த்து, ஒரு காலை நகர்த்தி வைத்து, சரியாக நின்றுகொண்டாள்.

"போதும்டி!"

அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. பஞ்சர் அக்கா தவழ்ந்துபோய் அவள் இடுப்பைக் கட்டிப்பிடித்து இழுத்தாள். லீவர் இறங்கியது. அவன் காதுக்கு ஒரு சாண் தள்ளித் தரையில் ஓடு சிதறியது. சின்னவள் மறுபடி ஓங்கினாள். அக்கா அவள் கையைக் கடித்துத்தான் லீவரைப் பிடுங்கவேண்டியிருந்தது.

லாரிக்காரர் மூச்சு வாங்க வாசலில் நின்றார். கையில் டீ டம்ளர் இன்னும் இருந்தது. ஒரு கணம் மூன்று பேரையும் பார்த்தார். டம்ளரை ஜன்னலில் வைத்தார். நேரே போய் வேன்காரனின் முதுகில் உட்கார்ந்தார்.

"நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. இவன் எங்கயும் போகமாட்டான். எனக்கும் சக்கரம் இல்ல."

சின்னவளுக்குத் தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. கம்பி போட்டுக் கட்டினார்கள். அக்காவுக்குப் பதினாலு தையல். வாக்குமூலம் வாங்க வந்த போலீஸ்காரம்மாவிடம் அக்கா, "எல்லா அடியும் நான்தான் அடிச்சேன், எழுதிக்குங்க" என்றாள். சின்னவள் காகிதம் கேட்டு வாங்கி, 'மூணு அடி நான்' என்று எழுதிக் கொடுத்தாள். அக்கா அதைப் பிடுங்கிக் கிழித்தாள். சின்னவள் இன்னொரு காகிதம் கேட்டாள். போலீஸ்காரம்மா அக்காவை வெளியே போகச் சொன்னார்.

உயிரைக் காப்பாற்றிக்கொள்ள அடித்தது என்று சின்னவள்மேல் இருந்த வழக்கு நிற்கவில்லை. வேன்காரனுக்கு மூன்று வருஷம் கிடைத்தது. முழங்கால் மடங்காமலே உள்ளே போனான்.

வழக்கெல்லாம் முடிவதற்கு முன்பே, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் சின்னவள் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் மாதம் அக்கா கஞ்சியை ஸ்ட்ராவில் ஊட்டிப் பார்த்துக்கொண்டாள். இரண்டாம் மாதம், அவன் கூட்டாளிகள் யாராவது வந்துவிடுவார்கள் என்று பயந்து, கடைக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போனாள். மூன்றாம் மாதம் ஒருநாள் திரும்பி வந்தால் பூட்டு அப்படியே இருந்தது, சின்னவள் இல்லை. பின் ஜன்னல் கம்பி இரண்டு வளைந்திருந்தது. அக்கா கடையிலிருந்து எடுத்துவந்து வீட்டில் போட்டிருந்த ஜாக்கி கீழே கிடந்தது.

தேடிக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரு சலவைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அதற்கு மேலேயே ஒற்றை அறை. ஒரு பாய், ஒரு பக்கெட், ஒரு மின்விசிறி.

"உனக்கு மூள கெட்டுப் போச்சா? என் நெத்திய பாருடி. யாருக்காக வாங்கினது இது?" என்றாள் அக்கா.

"எனக்காகத்தான்." தாடை இன்னும் முழுசாகத் திறக்காததால் சின்னவள் பல்லுக்கிடையில் பேசினாள். "சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அப்புறம் ஏன் ஓடி வந்த?"

"நீ பூட்டுன."

"உன் நல்லதுக்குத்தானடி பூட்டுனேன்!"

"அவனும் அதத்தான் சொன்னான்."

"என்னையும் அவனையும் ஒண்ணா வெக்கிறியா?"

சின்னவள் கோபமில்லாமல்தான் சொன்னாள்.

"அம்மா போனதுக்கப்புறம் என்னை முதல்ல அடிச்சது நீதான்க்கா. பழைய கேம அழிச்சிட்டேன்னு. தோள்பட்ட எலும்பு விலகிடுச்சு. டாக்டர்கிட்ட மாடிப்படில விழுந்தேன்னு சொல்லச் சொன்ன. அதனால அவன் அடிச்சப்ப எனக்கு ஒண்ணும் புதுசா தெரியல. வீடுன்னா இப்படித்தான்னு இருந்துட்டேன்."

பஞ்சர் அக்காவின் கை தானாக ஓங்கியது. காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. சின்னவள் பின்வாங்கவில்லை, முகத்தை மூடவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை இறங்க நேரமாயிற்று. இறங்கியபின் அதை எங்கே வைப்பதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. அக்குளில் இடுக்கிக்கொண்டு, பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். கீழே சலவை இயந்திரங்கள் தடதடத்தன.

"ஞாயித்துக்கிழம வரலாமா?" என்று கேட்டாள் கடைசியில்.

"வா. வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டு வா."

பஞ்சர் அக்கா தலையாட்டினாள். எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, படியிறங்கிப் போனாள்.